கார் மிதக்கும் ஒரு நிமிடம்

தண்ணீரில் விழுந்த கார் உடனே மூழ்கிவிடாது. அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை மிதக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், உள்ளே ஆட்களை உட்காரவைத்தே காரைத் தண்ணீரில் இறக்கி இதைச் சோதித்தவர். ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்ய அதில் நேரமில்லை.

முதலில் சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். உடனே ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கள். நனைந்தாலும் பவர் விண்டோ பெரும்பாலும் சிறிது நேரம் வேலை செய்யும். ஆனால் தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறிவிட்டால், அது கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிடும். பிறகு இறக்குவது கடினம். பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு நீங்களும் ஜன்னல் வழியாகவே வெளியேறுங்கள்.

கை தானாகக் கதவுக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே, ஏறக்குறைய 125 கிலோ எடை வெளியிலிருந்து அழுத்துவதற்குச் சமம். தொடக்கத்திலேயே முட்டித் தள்ளித் திறந்துவிட்டாலும் தண்ணீர் பாய்ந்து சில நொடிகளில் கார் அமிழ்ந்துவிடும். பின்சீட்டில் இருப்பவர்களின் கதி என்ன?

உள்ளே தண்ணீர் நிரம்பினால் அழுத்தம் சமமாகும், அப்போது கதவைத் திறக்கலாம் என்று பலர் சொல்வார்கள். இயற்பியல்படி அது சரிதான். ஆனால் என்ஜின் பாரத்தால் கார் பெரும்பாலும் முன்பக்கம் குத்தி இறங்கும். கலங்கிய நீரில், மூச்சடக்கி, கைப்பிடியைத் தடவித் தேடும் நிலை அது. எல்லாம் தவறிப்போனபின் செய்ய வேண்டிய கடைசி முயற்சியே தவிர, காத்திருந்து செய்யும் உத்தி அல்ல.

கண்ணாடி இறங்காவிட்டால் உடைக்க வேண்டும். முன்கண்ணாடியோடு போராட வேண்டாம். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் வகை அது, விரிசல் விடுமே தவிர வழிவிடாது. டெம்பர்டு வகைப் பக்கக் கண்ணாடியோ, மூலையில் கூர்முனையால் ஓர் அடி பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இப்போது சில கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட்தான். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு உடைப்புக் கருவிகளைச் சோதித்தபோது, ஒன்றுகூட அந்த வகையை உடைக்கவில்லை.

உங்கள் காரில் எந்த வகை என்பது பெரும்பாலும் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும். இன்றே பாருங்கள். டெம்பர்டு எந்த ஜன்னலில் என்பதை வீட்டார் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கட்டும். கருவி வாங்கினால் டிக்கியில் போடாதீர்கள். பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.