மாவுக்கட்டோடு முடிவதில்லை: முதிய ஆண்களின் எலும்புப்புரை

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. எக்ஸ்-ரே எடுத்து, மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரிக்கிறார்கள். “தரை ஈரமா இருந்துச்சு, அதான்” என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் அதே பெரியவர் இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாகிறார். நம் தெருக்களில் அடிக்கடி நடக்கும் கதை இது. முதல் முறிவிலேயே ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும்: நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறியுமா?

திடமான எலும்பு அவ்வளவு எளிதில் முறியாது. அப்படி முறிந்தால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதை மாதவிடாய் நின்ற பெண்களின் நோயாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்த வகை முறிவு வருகிறது. இடுப்பு முறிந்த ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதமோ பெண்களைவிட ஆண்களிடமே அதிகம். அப்படியிருந்தும் முறிவுக்குப் பின் எலும்பைப் பலப்படுத்தும் மருந்து பெறும் ஆண்கள் மிகக் குறைவு.

ஸ்கேன் மட்டும் போதாது

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. வலி கிடையாது, கதிர்வீச்சு மிகக் குறைவு, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது தரும் ‘டி-ஸ்கோர்’ எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறை இது.

இந்த எண்ணை மட்டும் நம்பினால் பலர் விடுபட்டுப்போவார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதுகெலும்பு தவிர்த்த பிற எலும்புகள் முறிந்த ஆண்களில் 21 சதவீதத்தினருக்கு மட்டுமே டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே இருந்தது. பெண்களில் அது 44 சதவீதம். அதாவது, எலும்பு முறிந்த ஆண்களில் ஐந்தில் நான்கு பேர் ஸ்கேன் கணக்கில் எலும்புப்புரை இல்லாதவர்கள். ஆகவே ஸ்கேன் எண்ணோடு ஆளின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யாரைக் கண்டுபிடிக்க வேண்டும்?

முதலில், ஏற்கெனவே முறிந்தவர்கள். 50 வயதுக்குப் பிறகு சிறிய விழுகையில் மணிக்கட்டோ, தோளோ, இடுப்போ, முதுகெலும்போ முறிந்திருந்தால், அடுத்த முறிவுக்கான அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. முறிவுக்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில்தான் அந்த அபாயம் உச்சத்தில் இருக்கும்.

அடுத்து, உயரம் குறைந்தவர்கள். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் நடக்கின்றன. ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பெரியவரைச் சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நேராக நிற்கச் சொல்லுங்கள். பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடாவிட்டால் மேல்முதுகு எலும்பு நசுங்கியிருக்கலாம். பிறகு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல்கூட நுழையாவிட்டால் கீழ்முதுகைச் சந்தேகிக்கலாம். இளமையில் இருந்ததைவிட உயரம் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலும் முதுகெலும்பு எக்ஸ்-ரே அவசியம். வயசானால் கூன் விழத்தான் செய்யும் என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவதாக, பிற நோயாலோ மருந்தாலோ எலும்பு அரிக்கப்படுபவர்கள். எலும்புப்புரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வேறொரு காரணம் இருக்கும். மூட்டுவாதத்துக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதங்களுக்கு மேல் சாப்பிட்டவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போடுபவர்கள், வலிப்புக்கு நெடுங்காலம் பெனிடாயின் எடுப்பவர்கள், தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்கள், பீடி, சிகரெட், மதுப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அடர்த்தி நன்றாகவே இருந்தாலும் எலும்பு முறியலாம்.

எளிய கணக்கு ஒன்றும் உண்டு. கிலோவில் எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 56 கிலோ எடையுள்ள 74 வயதுக்காரருக்கு விடை மைனஸ் 3.6. ஆசியப் பெண்களுக்காக உருவான இந்தக் கணக்கு பின்னர் ஆண்களிடமும் சோதிக்கப்பட்டது. விடை மைனஸ் 1-க்குக் கீழே போனால் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் பேசலாம். நோய் இருப்பதாக இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. மருத்துவர்கள் ‘ஃப்ராக்ஸ்’ என்ற கணிப்பானையும் பயன்படுத்துகிறார்கள். அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். இந்தியர்களுக்கெனத் தனிக் கணக்கும் அதில் இருக்கிறது.

கருத்து வேறுபாடு எங்கே?

70 வயதான எல்லா ஆண்களையும், அபாயக் காரணி இருந்தால் 50 வயதிலிருந்தும் பரிசோதிக்கலாம் என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2012-இல் வழிகாட்டியது. அறிகுறியே இல்லாத ஆண்கள் அனைவரையும் சோதிக்கப் போதிய ஆதாரமில்லை என்கிறது அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு. ஆய்வுகள் பெரும்பாலும் பெண்களிடமே நடந்ததுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆனால் ஏற்கெனவே முறிவு கண்டவருக்கு மதிப்பீடும் சிகிச்சையும் தேவை என்பதில் இரு கருத்தில்லை.

மருந்து ஆண்களிடம் வேலை செய்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. எலும்புப்புரை உள்ள 1,199 ஆண்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் பெற்றவர்களில் 1.6 சதவீதத்தினருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு வந்தது. மருந்து பெறாதவர்களில் அது 4.9 சதவீதம். வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் இருக்கிறது. அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் ஆபத்து உண்டு. எந்த மருந்துக்கும் முன்னால் சிறுநீரகச் செயல்பாடு, கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்த்துவிட வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்வது நல்லது. கேழ்வரகும் பாலும் வெயிலும் நடையும் எலும்புக்கு நல்லவைதான். ஆனால் ஒரு முறை முறிந்துவிட்ட எலும்புக்கு அவை மட்டும் போதாது.

வழி இருக்கிறது

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990-களின் இறுதியிலேயே ஓர் ஏற்பாடு தொடங்கியது. 50 வயதைக் கடந்து எலும்பு முறிந்து வருபவர்களைச் சிறப்புச் செவிலியர் தேடிப்பிடித்து, எலும்புப் பரிசோதனைக்கு அழைப்பார். இன்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். “ஐம்பதுக்கு அப்புறம் எலும்பு எதுவும் முறிஞ்சுதா, ஐயா? உயரம் குறைஞ்சிருக்கா?” என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்டால் போதும், எத்தனையோ பெரியவர்கள் அடையாளம் காணப்படுவார்கள்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ மாவுக்கட்டு பிரிக்கும் நாளில், “டாக்டர், எலும்பு ஏன் முறிந்தது என்று பார்த்துவிட்டீர்களா?” என்று கேளுங்கள். இடுப்பு முறிவைத் தடுக்கும் சிகிச்சை அந்த நாளில்தான் தொடங்க வேண்டும்.