நரம்பு வழி – 9: மார்பிலிருந்து கைக்கு வரும் நரம்பு

கழுத்தின் 5 முதல் 8 வரையிலான நரம்புகளும் மார்பின் முதல் நரம்பும் சேர்ந்து கைநரம்புப் பின்னல் ஆவதைச் சென்ற வாரம் பார்த்தோம். கையின் அசைவும் உணர்வும் ஏறக்குறைய முழுக்க அந்தப் பின்னலின் பொறுப்பு. விலக்காக ஒரு சிறிய இடம் உண்டு: அக்குளும், அதை ஒட்டிய மேற்கையின் உட்புறமும். அங்கே தொட்டால் தெரிவதற்கு முக்கியக் காரணம், பின்னலோடு சேராத இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு.

இது இரண்டாவது மார்பு நரம்பின் கிளை. தாய் நரம்பு, இரண்டாவது, மூன்றாவது விலா எலும்புகளுக்கு நடுவே மார்பைச் சுற்றி முன்னே வருகிறது. அக்குளுக்கு நேர் கீழே பக்கவாட்டில் ஒரு கிளை பிரிகிறது. கீழே உள்ள விலா நரம்புகளில் இப்படிப் பிரியும் கிளைகள் உடம்புத் தோலோடு நின்றுவிடும். இந்தக் கிளையோ விலா இடைத்தசையைத் துளைத்து, அக்குள் கொழுப்புக்குள் குறுக்காகப் புகுந்து, கைக்குப் போய்ச் சேர்கிறது. எந்தத் தசையையும் இது இயக்குவதில்லை, வேலையெல்லாம் தோலில்தான். ஆளுக்கு ஆள் தடிமனும் கிளைகளும் மாறும்.

டயாலிசிஸுக்காக மேற்கையின் உட்புறத்தில் ரத்தக்குழாய்களை இணைக்கும்போது, பின்னலுக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. அக்குள் ஓரத்தில் தோலுக்கடியிலும் மயக்க மருத்துவர் மருந்து செலுத்த வேண்டியிருக்கும். மாரடைப்பின்போது இடது கையின் உட்புறம் வலிப்பதிலும் இந்த நரம்புக்குப் பங்குண்டு. இதயத்தின் வலியைச் சுமக்கும் இழைகளும் மேல் மார்புப் பகுதியில்தான் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. வலி இதயத்திலா, கைத்தோலிலா என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

மார்பகப் புற்றுநோய் அறுவையில்தான் இந்த நரம்பு அதிகம் அடிபடுகிறது. அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது, மஞ்சள் கொழுப்புக்கு நடுவே, அக்குள் சிரைக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வெள்ளைக் கயிறாகக் குறுக்கே தெரிவது இதுதான். கணுக்கள் இதைச் சுற்றியே இருப்பதால், இழுபடவோ அறுபடவோ எளிதில் வாய்ப்புண்டு. பிறகு மேற்கையின் உட்புறம் மரத்துப்போகிறது. சிலருக்கு ரவிக்கையின் ஓரம் பட்டாலே எரிகிறது. சுரீர் என்று குத்துகிறது. கை நன்றாக அசையும், பிடியும் குறையாது. அதனால் வீட்டில் யாருக்கும் அந்த வேதனை புரிவதில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று அந்தப் பெண் தனக்குள்ளேயே மருகுகிறாள்.

நோய் பரவாத இடத்தில் இந்த நரம்பைக் காப்பாற்ற முயல வேண்டும். 1990களில் வந்த காவல் கணுப் பரிசோதனையில் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்ப்பதால், பலருக்கு அக்குளை முழுதாகத் திறக்கும் அவசியமே இல்லாமல் போயிருக்கிறது.

அறுவைக்கு நாள் குறித்தவர்கள், “அக்குள் நரம்பு பாதிக்குமா, காப்பாற்ற முடியுமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை முடிந்து மேற்கையின் உட்புறம் மரத்திருந்தால், அங்கே ரேசரும் வெந்நீர்ப் பையும் படாமல் கவனமாக இருங்கள். பட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும். எரிச்சல் நீடித்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். நரம்பு வலிக்கென்றே மருந்துகளும் பிசியோதெரபியும் உண்டு. புதிதாகக் கட்டியோ வீக்கமோ தென்பட்டால் உடனே காட்டுங்கள். அறுவைக்குப் பின் வரும் மரமரப்பு பெரும்பாலும் நரம்பு அடிபட்டதன் விளைவுதான். அதை அறுவைக்கு முன்பே எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

(தொடரும்)