மலையேறும் குதிரைக்குச் சட்டம் போட்ட எல்லை

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் கைமாறும். வாங்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயது கணிப்பார்கள். பின்னங்காலுக்கு மேலே திரண்டிருக்கும் சப்பைத் தசையை அழுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் குதிரையை அதே மாவட்டத்து ஜவ்வாது மலைக்கு ஏற்றி, மூட்டை சுமக்கவோ சுற்றுலா வருகிறவர்களைச் சவாரி அழைத்துப் போகவோ நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தத் தசையைத்தான்.

குதிரையின் தசைநார்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதல் வகை மெதுவாகச் சுருங்கும், சீக்கிரம் களைக்காது. அதைச் சுற்றி நுண் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை வைத்துக் கொழுப்பை எரித்து மணிக்கணக்கில் உழைக்கும். இரண்டாவது வகை வேகமாகச் சுருங்கும், ஆக்சிஜனையும் நன்றாகப் பயன்படுத்தும். மூன்றாவது வகைக்கு வேகமும் பலமும் மிக அதிகம். ஆனால் நுண்குழாய்கள் குறைவு. தசைக்குள் சேமித்த சர்க்கரைச் சத்தை ஆக்சிஜன் இல்லாமலே எரித்து வேலை செய்வதால் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். பந்தயக் குதிரைகளின் சப்பைத் தசையில் வேக நார்கள் மிகுதி. நெடுந்தூரம் ஓடும் அரபுக் குதிரைகளில் மெதுவான நார்களின் பங்கு கூடுதல்.

செங்குத்தான ஏற்றத்தில் அதிக சுமையோடு விரட்டும்போது குதிரை அந்த மூன்றாவது வகையை நம்பித்தான் ஏறுகிறது. இறக்கத்தில் அதற்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. இறங்கும்போது தசை நீண்டபடியே எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் நார்கள் அதிகம் சிதைவது அப்போதுதான்.

இரத்த ஓட்டத்தில் குதிரைக்கு இயற்கை கொடுத்திருக்கும் வரம் பெரியது. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம், முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டும். மண்ணீரல் தான் சேமித்து வைத்த சிவப்பணுக்களை உழைப்பின்போது இரத்தத்தில் கொட்டும். ஆனால் தசை எரிக்கும் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும். கடும் வெயிலில் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வியர்க்கும். உப்பும் கூடவே போகும். அப்போது தசைக்கும் தோலுக்கும் சேர்த்துக் கொடுக்க இரத்தம் போதாது.

1965ஆம் ஆண்டின் இழுவை மற்றும் சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளைப் படித்தால் இந்த உடற்கூறு அதற்குள் இருப்பது தெரியும். மட்டக்குதிரை மீது 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50 கிலோ. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே வாங்கக்கூடாது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் குளிர்ச்சியாக இருக்கலாம். கீழே போளூரிலும் திருப்பத்தூரிலும் கத்திரி வெயிலில் 37 என்பது சாதாரணம். அடிவாரத்திலிருந்து ஏறுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சேணத்தின் வளைவு, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் நேரடியாக உட்காரக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. காரணம் எளிது. அழுத்தம் விழும் இடத்தில் நுண்குழாய்கள் நசுங்கி இரத்தம் நின்றுவிடும். சதை உள்ளேயே செத்து, சில நாள் கழித்துப் புண்ணாக வெளியே வரும். முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை உண்டு.

இனி, எல்லோரும் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து. குதிரைக்கு இரண்டொரு நாள் ஓய்வு கொடுத்து, கொள்ளும் தானியமும் வழக்கம்போல் நிறையப் போட்டு, மறுநாள் திடீரென்று கடும் வேலைக்கு இறக்கினால் தசைகள் இறுகி நார்கள் உடையலாம். ஜமுனாமரத்தூர் கோடை விழா போன்ற கூட்ட நாட்களுக்கென்று கட்டிப்போட்ட குதிரையை அவிழ்ப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். குதிரை கொஞ்ச தூரம் நடந்ததும் அடியைக் குறுக்கும். வேலைக்குப் பொருந்தாத அளவு வியர்க்கும். பின்னங்கால்கள் விறைக்கும். சப்பையைத் தொட்டால் கட்டைபோல் இறுகியிருக்கும். பிறகு அசையவே மறுக்கும். சிறுநீர் சிவப்பாகவோ காபி டிகாஷன் நிறத்திலோ இறங்கினால், உடைந்த தசையின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

பலர் இதை அடம் என்று நினைத்து அடிக்கிறார்கள். நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்று இழுக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் தசையைக் கிழிக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். சேணத்தையும் சுமையையும் இறக்குங்கள். நிழல் கொடுங்கள், குடிக்கத் தண்ணீர் வையுங்கள். மருத்துவர் சொல்லாமல் வலி மருந்து கொடுக்காதீர்கள். நீர் வற்றிய உடலில் சில வலி மருந்துகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. மருத்துவரிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

நோயோ புண்ணோ முதுமையோ காரணமாக வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவதும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி குற்றம். சுமை அதிகம் என்று சந்தேகம் வந்தால், காவலர் பதவிக்கு மேற்பட்ட காவல்துறை அதிகாரி எடை போட்டுப் பார்க்கச் சொல்லலாம். விலங்குகளுக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் நாகராஜா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 11ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இது வெட்கக்கேடு, நாடாளுமன்றம் எப்போதோ திருத்தியிருக்க வேண்டும். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவு வரும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை.

குதிரை வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்து இதை எழுதவில்லை. பெரும்பாலோருக்கு அந்த ஒரு குதிரைதான் பிழைப்பு. அது படுத்தால் வீடே படுத்துவிடும். சிகிச்சைக்கு அரசு கால்நடை மருத்துவமனையை நாட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சவாரி ஏறுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு: முதுகில் புண் இருந்தால், நொண்டினால், மூச்சு அடங்காமல் இரைத்தால் ஏறாதீர்கள். வதை நடப்பதைக் கண்டால் காவல் நிலையத்திலோ மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலோ படத்தோடு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். குதிரை விறைத்து நின்றுவிட்டால், கட்டணமில்லாத 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள்; சிறுநீரின் நிறத்தை முதலில் சொல்லுங்கள்.