நேர்மையாக ஏமாற்றும் சங்கேதக் குறுக்கெழுத்து

சாதாரணக் குறுக்கெழுத்துப் புதிரில், விடைச்சொல்லின் பொருளே குறிப்பாகத் தரப்படும். 'கிரிப்டிக்' எனப்படும் சங்கேதக் குறுக்கெழுத்தில், குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் தோன்றி வேறொன்றைக் கேட்கும். 1920-களில் இங்கிலாந்தில் வளர்ந்த இப்புதிர், 'தி இந்து' உள்ளிட்ட இந்திய ஆங்கில நாளிதழ்களிலும் இடம்பெறுகிறது.

'முதலை இழந்தது நகரம். மிஞ்சியது கை' என்பது மூன்றெழுத்துச் சொல்லுக்கான குறிப்பு எனக் கொள்வோம். படிப்பவரின் மனம் பணத்தை இழந்து நொடித்துப்போன ஊரை எண்ணும். ஆனால், இங்கு 'முதல்' என்பது பணமன்று, முதலெழுத்து. 'நகரம்' என்பதில் 'ந' நீங்கினால் எஞ்சுவது 'கரம்'. அதன் பொருள் கை.

இவ்வாறு விடையின் பொருள், அதை அடையும் வழி ஆகிய இரண்டும் ஒரே குறிப்பில் இருக்க வேண்டும் என்பதே இதன் விதி. இரண்டும் பொருந்திவிட்டால் விடை சரியா என்று பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. நெடுநேரம் திணறியவருக்கு அந்தக் கணத்தில் கிட்டும் உறுதியே இதன் இன்பம்.

சொந்தத் துயரைச் சொல்லவும் இவ்வடிவம் பயன்பட்டுள்ளது. பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழில் 1958 முதல் புதிர்களை அமைத்துவந்தவர், 'அரோகேரியா' என்ற புனைபெயர் கொண்ட பாதிரியார் ஜான் கிரஹாம். தமக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பதை, 2013 ஜனவரியில் அந்நாளிதழில் வெளியான புதிரின் விடைகளுக்குள் அவர் வைத்திருந்தார். கட்டங்களை நிரப்பிய வாசகர்கள் அச்செய்தியைத் தாங்களே கண்டறிந்தனர். அவ்வாண்டு நவம்பரில், 92-ஆவது வயதில் அவர் காலமானார்.