இலவச மருத்துவமும் எஞ்சிய செலவும்

ஏழைக் குடும்பத்தில் உடற்குறையோடு பிறந்த குழந்தைக்கு மருத்துவம் இலவசமாகக் கிடைக்குமாயின், திருச்சபையின் கடமை அத்துடன் முடிந்துவிடுகிறதா? வளைபாதம் என்னும் ஒரு குறையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பிறவியிலேயே பாதம் உட்புறம் திரும்பிக் கீழ்நோக்கி வளைந்திருப்பதே வளைபாதம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இது காணப்படுகிறது. கவனியாது விட்டால் அக்குழந்தை பாதத்தின் விளிம்பையோ புறங்காலையோ ஊன்றி நடக்க நேரிடும். பெரிய அறுவையின்றி இதனைத் திருத்தும் முறையை, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி (1914–2009) உருவாக்கினார். வாரந்தோறும் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவர். ஐந்து முதல் ஏழு கட்டுகளில் வளைவு பெரும்பாலும் நீங்கும். பின்னர்ப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணைச் சிறு கீறலால் தளர்த்தி, மூன்று வாரங்களுக்கு இறுதிக் கட்டுப் போடுவர்.

பாதம் நேரானதும் எல்லாம் முடிந்ததாகத் தோன்றும். ஆனால் கடினமான பகுதி அப்பொழுதுதான் தொடங்குகிறது. கம்பியால் இணைத்த இரு காலணிகளைக் குழந்தை முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் ஏறத்தாழ நான்கு வயதுவரை உறங்கும்போதும் அணியவேண்டும். இடையில் நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையக்கூடும். குறை திரும்புவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இந்திய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத்திட்டம், கண்டறிந்து இலவசச் சிகிச்சைக்கு அனுப்பவேண்டிய பிறவிக்குறைகளுள் வளைபாதத்தையும் சேர்த்துள்ளது. தொண்டு நிறுவனங்களும் அரசு மருத்துவமனைகளோடு இணைந்து உழைக்கின்றன. ஆயினும் கூலிவேலை செய்யும் தாய் மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். பேருந்துக் கட்டணமும் அவளுடையதே. கிரகணத்தின்போது வெளியே சென்றதால் வந்த வினை என்று அயலார் பழிக்கும் பழியையும் அவளே சுமக்கிறாள். இரவில் குழந்தை அழும்போது, காலணியைக் கழற்றிவிடு என்பாரே மிகுதி.

யாருடைய பாவம் என்று சீடர் கேட்ட கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 9). நம் பிரசங்கங்களும் அத்தாயின்மீதுள்ள பழியை வெளிப்படையாக அகற்றவேண்டும். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். மேலும் செலவாவதைத் திரும்பி வரும்போது தருவதாக அவன் பொறுப்பேற்றதை (லூக்கா 10) அத்துணை நினைப்பதில்லை. இரக்கத்தின் நீளம் அவ்வாக்கிலேயே தெரிகிறது.

ஆகவே சிறிய சபையும் செய்யத்தக்கவை உள. மாவுக்கட்டு வாரங்களில் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நான்காண்டுகளும் அவ்வீட்டிற்குச் சென்று தாயைத் தேற்றலாம். கால் வளருந்தோறும் புதுக் காலணி கிடைக்கிறதா என விசாரிக்கலாம். இவ்வுதவி எச்சமயத்தார்க்கும் உரியது. உதவி பெறும் குழந்தையை மேடையேற்றிக் காட்டுவதும், படமெடுத்து நன்கொடை திரட்டுவதும் அதன் மாண்பைக் குலைக்கும்.

மருத்துவர் சில வாரங்களில் திருத்திய பாதத்தை நான்கு ஆண்டுகள் காப்பது அக்குடும்பத்தின் பொறுப்பாகிறது. அப்பொறுப்பில் பங்கேற்கும் பொறுமையை நம் சபைகள் கற்றுக்கொள்வனவாக.