நடுக்கடலில் நள்ளிரவுப் பாட்டு!

இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், கடலில் ஒரு கப்பல் நின்றது. அதற்குள் ஒரு ரேடியோ நிலையம்! பெயர், "ரேடியோ லண்டன்."

அந்த நாட்டில் ரேடியோ நடத்தும் உரிமை அப்போது பி.பி.சி.க்கு மட்டுமே. கரையிலிருந்து 3 மைல் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் கப்பல்! "கடல் கொள்ளை ரேடியோ" என்று மக்கள் அழைத்தார்கள்.

1967-ல் ஜான் பீல் என்ற வாலிபர் அதில் சேர்ந்தார். நள்ளிரவு 12 மணி முதல் 2 மணி வரை அவருடைய நேரம்.

ரேடியோ என்றால் 3 நிமிடப் பாட்டு என்று இருந்த காலம். பீல், "பிங்க் பிளாய்ட்" போன்ற புதுக் குழுக்களின் இசைத்தட்டுகளைச் சுழல விட்டார். மின்சார கிதார் நெளியும், முழங்கும். கனவில் கேட்பது போல் இருக்கும்! நேயர்களின் கடிதங்களையும் படித்தார். முதலாளிகள் தூங்கும் நேரம், தடுப்பார் யார்?

சர்க்கார் தடுத்தது! கப்பல் ரேடியோவுக்குத் தடைச் சட்டம் வந்தது. ஆகஸ்டு 14-ந் தேதி பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் ஓய்ந்தது.

பீலுக்கு வேலை போயிற்று. அவரைக் கூப்பிட்டது யார் தெரியுமா? அதே பி.பி.சி.தான்! அடுத்த மாதமே தொடங்கிய "ரேடியோ 1" நிலையத்தில் இடம் கிடைத்தது.

1973-ல் மைக் ஓல்ட்பீல்டு என்ற 20 வயது வாலிபரின் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் ஓடவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பீல் இரண்டு பக்கங்களையும் முழுசாகப் போட்டார்!

2004-ல் இறக்கும்வரை அவர் அந்த நிலையத்தை விடவில்லை.