போடிமெட்டுச் சாலை

ஆடி மாதத்தில் போடிநாயக்கனூரில் நின்று மேற்றிசை நோக்கினால், மலைமுகடெல்லாம் கார்மேகம் கவிந்திருக்கும். ஊருக்குள்ளோ புழுதி பறக்கும். புதிதாய் வந்தோர் மழை வந்துவிட்டதென்று குடையைத் தேடுவர், ஊரார் நகைப்பர். இதன் காரணத்தைக் கண்கூடாய்க் காண விரும்பும் மாணவ நண்பர், கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடியினின்று மேற்கே ஒருமுறை மோட்டாரில் சென்று வருவாராக.

தெற்கே பொட்டிபுரத்தை அடுத்த அம்பரப்பர் மலை முதலிய பாறைக் குன்றுகள் வெயிலிற் காய்ந்து நிற்கும். சாலையோரத்தில் உடைமுள்ளும் கள்ளியுமே மிகுதி. முந்தல் என்னும் அடிவாரச் சிற்றூரைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகின்றது. கொண்டை ஊசி வளைவுகள் 17. வளைவுதோறும் முட்செடி குறைந்து பசுமை மிகும். போடிமெட்டை அடைகையில் பனிமூட்டம் முகத்தில் வந்து படியும்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் நீராவியைச் சுமந்து வந்து, மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகின்றது. எழுங்காற்று விரிந்து குளிர்தலால், நீராவி அங்கேயே மழையாய்ப் பொழிந்துவிடுகின்றது. முகட்டைக் கடந்து இறங்குங் காற்றோ அமுக்கமுற்று, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் வெம்மை அடைகின்றது. எஞ்சிய மேகமும் கரைந்துபோகின்றது. போடிக்கும் மெட்டுக்கும் உயர வேற்றுமை சுமார் 1,000 மீட்டர். ஆதலின், மேலே போர்வை கேட்ட காற்றே கீழே அனலாய் வீசுகின்றது. போடிக்குரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்திசையினின்று வருவதாகும்.

ஈரமும் மரநிழலும் இன்றி ஏலம் வாழாது. ஆகவே பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் முகட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. ஆயினும் சந்தை போடியிலும் கூடுகின்றது. ஏலத்தை ஏலமிடும் ஊர் என்று சிலேடை கூறி மகிழ்வாரும் உளர்.

கண்ணுக்கினிய இச்சாலை பலருக்குப் பிழைப்புக்குரிய வழி. விடியுமுன் போடிப் பக்கத்துப் பெண்கள் தூக்குச்சட்டியுடன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து மலையேறுகின்றனர். ஏலக்காய் செடியின் உச்சியில் அன்று, அடியில் தரையோடு படரும் சரங்களிலே காய்ப்பது. நாள்முழுதும் குனிந்தே பறித்தல் வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ ஏலமாகும். தம் புஞ்சைக்கு வாராத மழையை நாடி, அம்மழை பெய்யுமிடத்திற்கே அவர்கள் நாள்தோறும் செல்கின்றனர். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய ஜீப்பு கவிழ்ந்து உயிர் போவதும் உண்டு. உல்லாசமாய்க் கீழிறங்குவோர் வளைவுகளில் காட்சியை மறந்து, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்றல் கடன்.

பொழுது சாயும்போது அப்பெண்கள் திரும்புகின்றனர். மெட்டில் ஏறியமரும்போது ஈரமாயிருந்த சேலைத் தலைப்பு, முந்தல் வருமுன் உலர்ந்துவிடுகின்றது.